கரணம் தப்பினால்...

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி, தென்காசியில இருந்து சேக்காளி ஒருத்தன் போன் பண்ணினான். (சேக்காளின்னா நண்பன். எங்க பக்கத்து வழக்கு. வெளியூர்க்காரங்க பொறுத்துக்கணும்.) நலம் விசாரிப்பெல்லாம் முடிஞ்சதும், "சாரல் விழுதா? அருவியில தண்ணி எப்படி?"ன்னு நான் வழக்கம்போல ஆரம்பிச்சேன். அவன் அதுக்குப் பதில் சொல்லாம வேற ஒண்ணு கேட்டான்.

"ஏல, பேத்திய ஜிம்னாஸ்டிக்ஸ்ல சேக்கப் போறாளாம் மக. மெட்ராஸ்ல அவ வீட்டுப் பக்கத்துலயே கிளாஸ் நடக்காம். நீதான் கண்ட புஸ்தகத்தையும் படிக்கிறவன். சேக்கலாமா வேண்டாமா, சொல்லு."

பேத்திக்கு ஆறு வயசு. வேற யாராவது கேட்டிருந்தா "தாராளமா சேருங்க, பிள்ளைக்கு உடம்பு நல்லா வளையும்"னு சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிருப்பேன். ஆனா கேட்டது இவன். இவனோட இடது கை முழங்கைக்குக் கீழ லேசா வளைஞ்சிருக்கும். நாப்பது வருஷமா அப்படித்தான். அது எப்படி வளைஞ்சதுன்னு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்தி ஒரு தடவை கூடப் பேசினது கிடையாது.

"ஒரு வாரம் டைம் குடு, சொல்லுதேன்"னு வச்சிட்டேன். அந்த ஒரு வாரத்துல தேடிப் படிச்சதும், ஏற்கெனவே மண்டையில கிடந்ததும், கொஞ்சம் சொந்தக் கதையும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். டீ ஒண்ணு போட்டுட்டு வந்து உக்காந்துக்கோங்க :)

* * *

முதல்ல ஒரு கயித்துக் கதை.

நாங்க அஞ்சாப்பு படிக்கையில, 1980-களோட தொடக்கம். தென்காசி பெரிய கோயில் ராஜகோபுரம் அப்போ இன்னிக்கு இருக்கிற மாதிரி கிடையாது. 1924-ல எரிஞ்சு சிதைஞ்ச கோபுரம், 1990-ல தான் முழுசா எழுந்தது. நாங்க வளர்ந்ததெல்லாம் அந்தச் சிதைஞ்ச கோபுரத்தைப் பார்த்துத்தான். ஆனா காத்து மட்டும் அன்னிக்கும் இன்னிக்கும் ஒண்ணுதான். செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற தென்மேற்குக் காத்து, ஆனி ஆடியில கோயில் வாசல்ல நின்னா ஆளைத் தள்ளும். போய்ப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

அந்தக் காத்துல, கோயிலுக்கு முன்னால ஒரு குடும்பம் வித்தை காட்ட வந்திச்சு. ரெண்டு பக்கமும் மூங்கில் கழையைக் குறுக்கால நட்டு நடுவுல கயிறு. அம்மா மேளம் அடிக்கா. அப்பா கீழ நிக்கார். எட்டு வயசு இருக்கும் ஒரு பிள்ளை, கையில நீளக் கம்பை வச்சுக்கிட்டு கயித்து மேல நிக்குது. நாங்க எல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு அந்தப் பிள்ளையைப் பார்க்கோம். என் சேக்காளி மட்டும் என் காதுல சொன்னான்: "ஏல, அவ அப்பாவப் பாரு."

பார்த்தேன். அவர் கண்ணு பிள்ளையோட கால்ல மட்டும் இருந்திச்சு. காத்து வேகமா வந்தா ஒரு சத்தம் குடுப்பார், பிள்ளை அப்படியே நின்னுரும். காத்து தணிஞ்சா இன்னொரு சத்தம், பிள்ளை நடக்கும். அது நடக்க நடக்க அவரும் கயித்துக்குக் கீழயே நடக்கார். ரெண்டு கையும் இடுப்பு உயரத்துல, உள்ளங்கை மேல பார்த்து. காசு போடுறவங்க பக்கம் ஒரு தடவை கூடத் திரும்பலை. காசு வாங்குறது அம்மா வேலை. அவர் வேலை பிடிக்கிறது.

அவர்தான் நான் வாழ்க்கையில பார்த்த முதல் ஜிம்னாஸ்டிக்ஸ் கோச். இது எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆச்சு.

* * *

நம்ம ஊர்ல இந்த வித்தை ஒண்ணும் நேத்து வந்தது இல்ல.

குறுந்தொகையில ஏழாவது பாட்டை எடுத்துக்கோங்க. வாகை மரத்து நெற்றுகள் காத்துல அடிச்சுக் கலகலக்கிற சத்தத்துக்கு உவமையா வர்றது, கயிறு மேல ஆடுற ஆரியக் கூத்தர்களோட பறைச் சத்தம். நற்றிணை தொண்ணூத்தஞ்சாம் பாட்டு இன்னும் அழகு. ஆட்டக்காரி ஒருத்தி நடந்து முடிச்ச முறுக்குக் கயிறு அப்படியே கட்டிக் கிடக்கு. அத்திப்பழம் மாதிரி செக்கச்செவேல் முகம் உள்ள மந்தியோட குட்டி ஒண்ணு வந்து அதுல தொங்குது. அதைப் பார்த்துக் குறவர் வீட்டுச் சின்னப் பிள்ளைங்க பாறை மேல ஏறித் துள்ளித் தாளம் கொட்டுது. மலை, மூங்கில், குரங்கு, குறவர் பிள்ளைங்க... நான் இதை முதல்ல படிச்சப்போ, எழுதின புலவர் நம்ம குற்றாலத்துக்கு வந்துட்டுப் போனவரோன்னு தோணிச்சு. (சும்மா ஊர்ப் பாசம். ஆதாரம் எல்லாம் கேக்காதீங்க.)

'கரணம்'ங்கிற சொல்லையே பாருங்க. குட்டிக்கரணமும் அதுதான், பரதநாட்டிய சாஸ்திரத்துல வர்ற நூத்தெட்டுக் கரணமும் அதுதான். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் மேல்தளத்துல 81 கரணங்களைச் செதுக்கி வச்சிருக்காங்க. மீதி 27 கல்லு செதுக்கப்படாமலே நிக்குது. சிதம்பரம் கோபுரங்கள்லயும் இருக்கு. அதெல்லாம் நாட்டியம்தான், விளையாட்டு இல்ல. ஆனாலும் காலைத் தலைக்கு மேல கொண்டு போற உடம்பு ஒரே உடம்புதான். எங்க தென்காசிக் கோயில் மண்டபத்துலயே ஊர்த்துவ தாண்டவச் சிற்பம் உண்டு. திருவாலங்காட்டுப் போட்டியில காளியை ஜெயிக்க சிவன் ஒத்தைக் காலை நேர் மேல தூக்கினாரே, அந்தக் கோலம். இன்னிக்கு ஒலிம்பிக்ஸ்ல அப்படித் தூக்கி நின்னா கைதட்டு விழும்.

இவ்வளவும் இருந்தும், வாயைத் திறந்தா நாம சொல்ற பழமொழி என்ன? கரணம் தப்பினால் மரணம். தப்பினா செத்துப் போவே, அவ்வளவுதான். தப்பினா பிடிக்கிறதுக்கு என்ன செய்யலாம்னு பழமொழி சொல்லலை. கயித்துக்குக் கீழ கையை ஏந்திக்கிட்டு நடந்த அந்த அப்பாவைப் பத்தி யாரும் பழமொழி எழுதலை.

* * *

அந்தக் குடும்பம் மாதிரி ஆட்களுக்கு சர்க்கார் என்ன செய்ததுன்னு தெரிஞ்சா வயிறு எரியும்.

1871-ல வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தான். 1911-ல அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரே ஊர்ல தங்காம ஊர் ஊராப் போறவன் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவன். கழைக்கூத்துல பேர் போன தொம்பர்களும் பட்டியல்ல ஏறினாங்க. எங்க போனாலும் போலீஸ்ல சொல்லிட்டுப் போகணும். தலைமுறை தலைமுறையா உடம்பால கத்து வச்ச ஒரு கலை, காவல் நிலையத்துப் பதிவேட்டுல போய் முடிஞ்சது. நாடு முழுக்க அந்தச் சட்டம் ஒழிஞ்சது 1952-ல. பேர் போன பின்னாடியும் பார்வை போகலை. நாங்க சின்னப் பிள்ளையா இருக்கையில கூட, வித்தைக்காரங்க வந்தா வாசல்ல காயப்போட்ட துணியை உள்ள எடுத்து வைக்கிற வீடுகள் இருந்திச்சு. எங்க வீடும் சேர்த்துத்தான்.

அதே காலத்துல, அதே குட்டிக்கரணம் ஐரோப்பாவுல இருந்து கப்பல்ல வந்து நம்ம பள்ளிக்கூடத்துல மார்க் வாங்கிச்சு!

1811-ல பெர்லின் பக்கத்துல ஹாசன்ஹைடேங்கிற இடத்துல ஃபிரீட்ரிக் லுட்விக் யான்னு ஒருத்தர் திறந்தவெளிப் பயிற்சிக்களம் ஒண்ணு ஆரம்பிச்சார். இன்னிக்கு நாம டிவியில பார்க்கிற பாரலல் பார், ஹரிசாண்டல் பார் எல்லாம் அங்க பிரபலமானதுதான். நெப்போலியன்கிட்ட தோத்த நாட்டுக்கு உடம்பு உள்ள பயலுகளை உருவாக்கணும்கிறது அவர் கணக்கு. வேடிக்கை என்னன்னா, இந்தப் பயலுக கூடினா புரட்சி பண்ணிருவானுங்களோன்னு பிரஷ்ய அரசுக்கே பயம் வந்திரிச்சு. 1819-ல யானைக் கைது பண்ணினாங்க. அடுத்த வருஷத்துல இருந்து 1842 வரைக்கும் இந்தப் பயிற்சிக்கே தடை. கரணம் அடிக்கிறவனைப் பார்த்தா எல்லா ஊர் சர்க்காருக்கும் ஏதோ உறுத்தும் போல.

அதே சமயம் ஸ்வீடன்ல பெர் ஹென்ரிக் லிங், 1813-ல ஸ்டாக்ஹோம்ல ஒரு மத்திய நிலையம் தொடங்கினார். இவர் வழி வேற. சாகசம் கம்மி, ஒழுங்கு ஜாஸ்தி. கையை நீட்டு, மடக்கு, குனி, நிமிர். இதுதான் இங்கிலாந்து வழியா நம்ம பள்ளிக்கூடத்துக்கு 'டிரில்'னு வந்தது. 1881-ல பெல்ஜியத்துல லியேஜ் நகர்ல சர்வதேசக் கூட்டமைப்பு பிறந்தது. 1896 ஏதென்ஸ் முதல் ஒலிம்பிக்ஸ்லயே ஜிம்னாஸ்டிக்ஸ் உண்டு.

நம்ம பக்கம் இதுக்குப் பெரிய வாசல் சென்னைதான். 1920-ல ஹாரி க்ரோ பக்ங்கிற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை இங்க தொடங்கினார். 1924 பாரீஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய அணியைத் தயார் பண்ணிக் கூட்டிட்டுப் போனவரும் இவர்தான். அந்தக் கல்லூரியில படிச்சவங்களும், அவங்ககிட்டப் படிச்சவங்களும்தான் தெக்கத்தி ஊர்கள் வரைக்கும் டிரில் வாத்தியாரா வந்தாங்க. விசில், வெள்ளை பேன்ட், சுதந்திர தினத்துக்குப் பிரமிடு.

மேற்கால மலை தாண்டி கேரளாவுல கதை வேற மாதிரி போச்சு. தலச்சேரி மிஷன் பள்ளியில ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக் குடுத்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன், 1901-ல பக்கத்துல சிறக்கரையில சர்க்கஸ் பள்ளியே தொடங்கிட்டார். இந்திய சர்க்கஸ்னா தலச்சேரின்னு ஆனது அவராலதான். அந்த ஊர்க்காரர் கண்ணன், 'பொம்பாயோ'ங்கிற பேர்ல 1930-கள்ல ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் கயித்து மேல துள்ளிக் கரணம் போட்டுக் கலக்கினார். தெருவுக் கயிறும் பள்ளிக்கூட டிரில்லும் கை குலுக்கின இடம்னா எனக்குத் தெரிஞ்சு தலச்சேரிதான்.

எங்க ஊர்ல அது நடக்கலை. தெருவுல வித்தை காட்டினவங்க தெருவுலயே இருந்தாங்க. டிரில் வாத்தியார் கிரவுண்டுலயே இருந்தார். ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குப் போகவே இல்ல.

* * *

இப்போ கை வளைஞ்ச கதைக்கு வரேன். இதை எழுத உக்காந்து மூணு நாள் தள்ளிப் போட்டேன்.

கயித்துக்காரக் குடும்பம் வந்துட்டுப் போன பிறகு எங்களுக்குக் கரணப் பைத்தியம் பிடிச்சுது. சித்தாத்து மணல்ல குட்டிக்கரணம். களத்துல வைக்கோல் படப்பு மேல ஏறி அந்தர் பல்டி. படப்பு இருக்கே, அது சும்மா மெத்தை மாதிரி வாங்கிக்கும். என் சேக்காளி பின்பக்கமா அடிக்கிற பல்டிக்கு ஊரே கூடும். நான் சுமார்தான்.

மறு வருஷம் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு டிரில் வாத்தியார் இவனைத் தேர்ந்தெடுத்தார். எந்தப் பள்ளிக்கூடம், எந்த வாத்தியார்ங்கிறதெல்லாம் வேண்டாம். அவரும் கெட்டவர் இல்ல. அவருக்கு அவ்வளவுதான் தெரியும், அவருக்குக் குடுத்திருந்ததும் அவ்வளவுதான்: ஒரு விசில், ரெண்டு பந்து. மெத்தைன்னு ஒண்ணு அந்தப் பள்ளிக்கூடத்துல கிடையாது. கிரவுண்டு செம்மண், வெயில்ல காஞ்சு கட்டாந்தரை.

பிரமிடு முடிஞ்சதும் இவன் நடுவுல ஓடி வந்து பின்பல்டி அடிக்கணும். பக்கத்துல ஒருத்தன் நின்னு, இவன் சுத்தும்போது முதுகுக்குக் கீழ கை குடுக்கணும். அந்த ஒருத்தன் நான்.

ஒத்திகை நாளு. வெயில். இவன் நாலு தடவை அடிச்சான், நாலு தடவையும் சரியா வந்து நின்னான். அஞ்சாவது தடவைக்கு ஓடி வரான். அந்த நேரத்துல கேட்டுக்கு வெளிய சேமியா ஐஸ்காரர் மணி அடிச்சார். நான் திரும்பிப் பார்த்தேன்.

அவ்வளவுதான். கை குடுக்க ஆளில்லாம சுத்து பத்தலை. இடது கையை ஊணி விழுந்தான். எலும்பு முறியுற சத்தம், காஞ்ச சுள்ளியை ஒடிச்ச மாதிரி. நாட்டு வைத்தியர்கிட்டக் கூட்டிட்டுப் போய் மூங்கில் தப்பை வச்சுக் கட்டினாங்க. கூடிச்சு, ஆனா நேராக் கூடலை. அதுக்கப்புறம் அவன் கரணமே போட்டது கிடையாது. "நீ ஏம்ல பிடிக்கலை"ன்னு அவனும் கேக்கலை. அவங்க அம்மா மட்டும் ஒரு தடவை என்னைப் பார்த்து, "நீ பக்கத்துலதான நின்ன?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன்.

1988 சியோல் ஒலிம்பிக்ஸ். பக்கத்து வீட்டு டிவியில ருமேனியாவோட தானியேலா சிலிவாஷும் சோவியத்தோட எலேனா ஷுஷுனோவாவும் போட்டி போடுறாங்க. கடைசியில ஷுஷுனோவா ஜெயிச்சது வெறும் 0.025 புள்ளியில. எல்லாரும் அவங்க சுத்துறதைப் பார்த்து 'ஆ'ங்காங்க. இவன் மெதுவா என் பக்கம் திரும்பிச் சொன்னான்: "ஏல, அவளுக்குக் கீழ மெத்தை போட்டிருக்கான் பாத்தியா?"

எனக்கு அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கலை.

* * *

இத்தனை வருஷம் கழிச்சு இந்த விளையாட்டோட சரித்திரத்தைப் படிச்சப்போ எனக்குப் பட்டது இதுதான். பறக்கிறதுக்கு மனுஷன் எப்பவோ கத்துக்கிட்டான். விழுறவனை என்ன பண்றதுங்கிறதைத்தான் கொஞ்சம் கொஞ்சமா, பெரிய விலை குடுத்துக் கத்துக்கிட்டிருக்கான்.

பறக்கும் டிராப்பீசைக் கண்டுபிடிச்ச பிரெஞ்சுக்காரர் ஜூல் லெயோத்தார். 1859-ல பாரீஸ்ல முதல் காட்சி. (ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைங்க போடுற உடுப்புக்கு லியோடார்டுன்னு பேர் வந்தது இவராலதான்.) தூலூஸ்ல அவங்க அப்பா உடற்பயிற்சிக்கூடம் வச்சிருந்தார், அங்க நீச்சல் குளமும் உண்டு. மகன் குளத்துத் தண்ணிக்கு மேல ஊஞ்சலைத் தொங்க விட்டுப் பழகினான். தப்பினா தண்ணி. அங்கயும் பாருங்க, கீழ ஒரு அப்பா!

எல்லாருக்கும் அந்தக் குடுப்பினை இல்ல. எலேனா முகினான்னு ஒரு சோவியத் பொண்ணு. 1978 உலக சாம்பியன். மறு வருஷம் கால் எலும்பு முறிஞ்சது. மாஸ்கோ ஒலிம்பிக்ஸ் வருதுன்னு சரியா ஆறும் முன்னமே திரும்பப் பயிற்சிக்கு இழுத்துட்டாங்க. தாமஸ் சால்ட்டோன்னு ஒரு கரணம், சுத்தி வந்து கழுத்தை உருட்டித் தரையில இறங்கணும். கொஞ்சம் உயரம் குறைஞ்சாலும் தாடை தரையில மோதும். 1980 ஜூலை மாசம், ஒலிம்பிக்ஸுக்கு ரெண்டு வாரம் இருக்கையில, மின்ஸ்க்ல பயிற்சியில அதுதான் நடந்தது. கழுத்தெலும்பு போச்சு. அன்னிக்கு அவங்க கோச் அங்க இல்ல. இருபது வயசுப் பொண்ணு அதுக்கப்புறம் எழுந்திரிக்கவே இல்ல. 2006-ல இறந்து போனாங்க. அந்தக் கரணம் பின்னாடி பெண்களுக்குத் தடை செய்யப்பட்டது.

அமெரிக்காவோட ஜூலிசா கோமஸ். 1988-ல டோக்கியோவுல ஒரு போட்டி. யூர்ச்சென்கோ வால்ட்டுக்கு ஸ்பிரிங்போர்டு மேல பின்பக்கமாப் போய் இறங்கணும். வார்ம்-அப்ல கால் வழுக்கிடுச்சு, தலை வால்ட் குதிரையில மோதிச்சு. மூணு வருஷம் படுக்கை. 1991-ல முடிஞ்சது. இப்போ அந்த வால்ட் அடிக்கிறவங்க ஸ்பிரிங்போர்டைச் சுத்தி லாட வடிவத்துல ஒரு மெத்தை போட்டே ஆகணும்னு விதி. அடுத்த தடவை டிவியில பார்த்தா கவனிங்க. அந்த மெத்தை இந்த மாதிரி பிள்ளைங்க விழுந்து வந்த மெத்தை.

2000 சிட்னியில இன்னொரு கூத்து. பெண்கள் போட்டியில வால்ட் குதிரையை அஞ்சு சென்டிமீட்டர் தாழ்வா வச்சுட்டாங்க. பெரிய பெரிய ஆளெல்லாம் கீழ விழுறாங்க, ஏன்னு யாருக்கும் புரியலை. கடைசியில ஆஸ்திரேலியாவோட ஆலனா ஸ்லேட்டர்ங்கிற பிள்ளைதான் "உயரம் சரியில்லையே"ன்னு கவனிச்சுச் சொன்னா. நடத்துறவங்க கண்ணுல படாதது குதிக்கிற பிள்ளை கண்ணுல பட்டது.

கடைசியா சிமோன் பைல்ஸ். 2021-ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல, காத்துல சுத்துறப்போ உடம்பு எங்க இருக்குன்னே மூளைக்குத் தெரியலைன்னு பாதியில விலகினாங்க. "நாட்டுக்காக ஆட வேண்டாமா?"ன்னு திட்டினவங்க நிறைய. அவங்க போய் டோக்கியோவுலயே ஒரு பயிற்சிக்கூடத்துல ஃபோம் நிரப்பின குழியில விழுந்து விழுந்து பார்த்தாங்க. அப்பவும் சரியா வரலை. ஆபத்தான நிகழ்ச்சிகளை விட்டுட்டு, கடைசி நாள்ல பீம்ல மட்டும் ஆடி வெண்கலம் வாங்கினாங்க. முகினாவுக்கு 'முடியாது'ன்னு சொல்ல வழியில்ல. நாப்பத்தோரு வருஷம் கழிச்சு பைல்ஸ் சொன்னாங்க.

சொல்ல முடியாமப் போறது கீழ விழுறதுல மட்டும் இல்ல. அமெரிக்க அணியோட டாக்டர் லாரி நாசர் வருஷக்கணக்கா பிள்ளைங்ககிட்ட நடந்துக்கிட்ட விதத்துக்காக 2018-ல தண்டனை வாங்கினான். நூத்தம்பதுக்கு மேல பெண்கள் கோர்ட்ல வந்து பேசினாங்க. முன்னாடியே சொன்ன பிள்ளைங்க உண்டு. கேக்கத்தான் ஆளில்ல.

* * *

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரு, நமக்கு என்னன்னு கேக்கறீங்களா?

இந்தியா 1952 ஹெல்சிங்கிலயே ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ஆள் அனுப்பிச்சு. 1961-ல ஷ்யாம் லால் அர்ஜுனா விருது வாங்கினார். அதுக்கப்புறம் ரொம்ப நாள் சத்தமில்ல. 2010 டெல்லி காமன்வெல்த்ல ஆசிஷ் குமார் வெள்ளியும் வெண்கலமும் வாங்கினப்போதான் பலருக்கு இப்படி ஒரு விளையாட்டு இருக்கிறதே தெரிஞ்சது.

அப்புறம் வந்தாங்க தீபா கர்மாகர். அகர்தலா எங்க இருக்குன்னு மேப்ல தேடணும், நம்ம தென்காசி மாதிரி ஒரு கோடி. 1960-கள்ல அந்த ஊருக்கு தலீப் சிங்னு ஒரு கோச் வந்தார். அவர் போட்ட விதையில மண்டு தேப்நாத் வந்தார், பின்னாடி பிஸ்வேஸ்வர் நந்தி வந்தார், நந்திகிட்ட தீபா வந்தாங்க. ஒரே ஒரு வாத்தியார் ஒரு ஊரையே மாத்த முடியும்கிறதுக்கு இதை விட உதாரணம் வேண்டாம். தட்டைப் பாதம் உள்ள பிள்ளை, இதுக்கு லாயக்கில்லைன்னு சொன்ன உடம்பு. பழைய ஸ்கூட்டர் உதிரிகளை வச்சுச் செஞ்ச ஸ்பிரிங்போர்டுல ஆரம்பம்.

தீபா எடுத்துக்கிட்டது புரோடுனோவா வால்ட். கையை ஊணி எழும்பி, காத்துல ரெண்டு தடவை முன்கரணம். உலகத்துல இதைப் போட்டியில முடிச்ச பெண்களை விரல் விட்டு எண்ணலாம். இதுக்குப் பத்திரிகைக்காரங்க வச்ச பேரு 'மரண வால்ட்'. நம்ம பழமொழியேதான்! ஆனா அதை தீபா நேராத் தரையில போய் அடிக்கலை. ஃபோம் குழிக்குள்ள திரும்பத் திரும்ப அடிச்சு, உடம்புக்கு மனப்பாடம் ஆன பிறகுதான் தரைக்கு வந்தாங்க. பக்கத்துல நந்தி. 2016 ஆகஸ்ட் 14, ரியோ. இறங்குறப்போ பின்பக்கம் லேசாத் தரையைத் தொட்டிரிச்சு. 15.066 புள்ளி, நாலாவது இடம். வெண்கலம் வாங்கின சுவிட்சர்லாந்து ஸ்டைன்க்ரூபருக்கு 15.216. வித்தியாசம் 0.150.

நாடே 'அய்யோ பதக்கம் போச்சே'ன்னுச்சு. என் சேக்காளி அன்னிக்கும் எனக்குப் போன் பண்ணினான். "பிள்ளை எழுந்திரிச்சு நடந்து போறா பாத்தியாலே"ன்னு சொன்னான். அவ்வளவுதான் பேசினான். அதுக்கப்புறம் முழங்கால் ஆபரேஷன், சரிவு, எல்லாம் தாண்டி 2024-ல தாஷ்கெண்ட்ல ஆசிய சாம்பியன்ஷிப் தங்கமும் வாங்கிட்டு, அந்த வருஷம் அக்டோபர்ல தீபா ஓய்வு பெற்றாங்க. தன் கால்ல நடந்து.

* * *

ஒரு வாரம் ஆச்சு. சேக்காளிக்குப் போன் போட்டேன்.

"குற்றாலத்துல பேரருவிக்குக் கீழ நாம ஏம்ல சாகாம நின்னு குளிக்கோம்?"னு கேட்டேன்.

"கோட்டி பிடிச்சிட்டா? பேத்தியப் பத்திக் கேட்டா அருவியப் பத்திச் சொல்லுத?"

"பதில் சொல்லுல."

"பொங்குமாகடல் இருக்குல்லா."

அதேதான். தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: பேரருவித் தண்ணி மலை உச்சியில இருந்து நேரா நம்ம தலையில விழுறதில்ல. பாதி வழியில பாறைக்குள்ள ஒரு ஆழமான பள்ளம், பொங்குமாகடல்னு பேரு. மொத்த வேகத்தோட அதுக்குள்ள விழுந்து, பொங்கி, அடங்கி, அதுக்கப்புறம்தான் நம்ம தோள் மேல வருது. அந்தப் பள்ளம் இல்லைன்னா குற்றாலம் வெறும் வேடிக்கை பார்க்கிற இடம்தான். வெள்ளம் வந்து பொங்குமாகடல் தாங்காதுன்னா அன்னிக்குக் குளிக்கத் தடை போட்டுருவாங்க. யாரும் வீரம் பேசுறதில்ல.

"பேத்திய சேரு. ஆனா பணம் கட்டுறதுக்கு முந்தி மக போய் ஒரு மணி நேரம் சும்மா உக்காந்து பார்க்கணும். முதல்ல, கீழ என்ன போட்டிருக்காங்கன்னு பார்க்கணும். மெத்தை கிழிஞ்சு, நடுவுல இடைவெளி விட்டுக் கிடந்தா திரும்பி வந்துரட்டும். ரெண்டாவது, பிள்ளை குதிக்கையில கோச் கண்ணு எங்க இருக்கு, கை எங்க இருக்குன்னு பார்க்கணும். போனைப் பார்த்துக்கிட்டு இருந்தா வேண்டாம். மூணாவது, ஒரு பிள்ளை 'இன்னிக்கு முடியலை, பயமா இருக்கு'ன்னு சொன்னா அந்தக் கோச் என்ன பதில் சொல்றார்னு கேக்கணும். கேலி பண்ணினா வேண்டாம். பெத்தவங்களை உள்ள விட மாட்டேன்னு சொன்னாலும் வேண்டாம். இவ்வளவும் சரியா இருந்தா, பிள்ளை பறக்கட்டும்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. பின்னாடி சாரல் காத்து மட்டும் கேக்குது. நான் மெதுவா ஆரம்பிச்சேன். "ஏல, அன்னிக்கு ஐஸ்காரன் மணி அடிச்சான். நான் திரும்பிட்டேன்..."

"தெரியும்லே"ன்னான். "நான் ஓடி வரையிலயே பாத்தேன், நீ திரும்புனத. நின்னுருக்கலாம். அஞ்சு தடவையும் நிக்காம அடிக்கணும்னு எனக்கு ஒரு வீம்பு."

நாப்பது வருஷம். ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதியைத் தனியாச் சுமந்திருக்கோம்.

"சரி, மக்ககிட்டச் சொல்லிருதேன், சேக்கச் சொல்லி"ன்னான். வைக்கப் போனவன் திரும்ப வந்து, "ஆனா ஒண்ணுலே, பிள்ளைய வேடிக்க பாக்க மெட்ராஸ் போனேன்னா, நீ மட்டும் பக்கத்துல போய் நின்னுராத"ன்னு சொல்லிச் சிரிச்சான்.

நானும் சிரிச்சேன்.